பட்டமா, படமா?

சென்ற வாரம் ஒரு நாள் மாலை, தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் கணக்கு எழுதும் நண்பர் ஒருவர் தமது குமாரனை அழைத்துக்கொண்டு நமது காரியாலயத்திற்கு வந்தார். பையன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்குகளுடன் தேறியவன். உள்ளூர்க் கல்லூரியொன்றில் பி.காம். வகுப்பில் இடமும் கிடைத்துவிட்டது. சம்பளம் கட்டவேண்டிய தருணத்தில், "எனக்குக் கல்லூரி வேண்டாம், அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு காமிரா வாங்கிக் கொடுங்கள், போட்டோத் தொழிலுக்குப் போகிறேன்" என்று அவன் சொல்லிவிட்டான். மூன்று நாட்களாக வீட்டில் எவரும் சரியாகச் சாப்பிடவில்லையாம். "வக்கீலையா, நீங்கள் சட்டம் படித்தவர், பத்திரிகையும் நடத்துகிறீர்கள். இரண்டு பக்கமும் உங்களுக்குத் தெரியும். தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றார் தகப்பனார்.

பையன் ஒன்றும் பேசவில்லை. ஒரு காகித உறையிலிருந்து நாலைந்து படங்களை எடுத்து மேஜைமேல் வைத்தான். விடியற்காலையில் உப்பு வாரும் பெண்கள். பழைய துறைமுகத்தில் தோணிக்கு மூட்டை சுமக்கும் தொழிலாளிகள். வலை காயும் திரேஸ்புரம் கடற்கரை. ஒரு படத்தில் அவனுடைய தகப்பனாரே உப்பு அம்பாரத்தின் நிழலில் கணக்குப் புஸ்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் படத்தை அவர் அதற்குமுன் கண்டதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அன்று நாம் தீர்ப்பு ஒன்றும் கூறவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டோம். இத்தகைய வழக்கு இன்று தமிழ்நாட்டில் பல குடும்பங்களில் நடந்துகொண்டிருப்பதால், அந்த நண்பருக்குச் சொல்லவேண்டியதை எல்லா வாசகர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

முதலில் தகப்பனாரின் கட்சியைக் கேட்போம். அதை எளிதாகத் தள்ளிவிடுவதற்கில்லை. உப்பளத்து வருமானம் மழையையும் வெயிலையும் நம்பியது. வீட்டில் ஒரு பிள்ளையாவது மாதச் சம்பளம் வாங்கவேண்டும் என்று அவர் ஆசைப்படுவதைப் பேராசை என்று எவரும் சொல்லமுடியாது. சர்க்கார் பரீட்சைகளில் மேல்நிலையில் உள்ளவற்றிற்குப் பட்டம் இன்றி மனுப் போடவே வழியில்லை. கலாசாலைக்குள் நுழைய நம் பாட்டன்மார் பட்ட பாட்டை நினைத்தால், கிடைத்த இடத்தை வேண்டாமென்று சொல்லும் பிள்ளைமீது கோபம் வருவதும் இயல்பே. மேலும், போட்டோத் தொழிலின் இன்றைய நிலைமை என்ன? கையில் டெலிபோன் வைத்திருப்பவரெல்லாம் படம் பிடிக்கிறார்கள். படச் சுருளை உலகெங்கும் பரப்பிய கோடக் கம்பெனியே 2012ஆம் வருஷம் ஜனவரியில் திவால் சட்டத்தின் பாதுகாப்பை நாடவேண்டி வந்தது. கலியாணப் படங்களை நம்பிப் பிழைக்கும் ஸ்டூடியோக்காரர்களுக்கு முகூர்த்த மாதங்களில் மட்டுமே கை நிறைய வேலை. மார்கழி பிறந்தால் கடை வாடகைக்கே தாளம். இவ்வளவும் தெரிந்த ஒரு தகப்பன், மகன் சொன்ன மாத்திரத்தில் எவ்வாறு சம்மதிப்பான்?

இனி, பையனின் கட்சி. பட்டம் பெற்றவர்கள் யாவரும் உத்தியோகம் பெற்றுவிட்டார்களா என்று அவன் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. குமாஸ்தா வேலைக்கு ஒரு விளம்பரம் போட்டால், எம்.ஏ.க்களும் எஞ்சினீயர்களும் மனுப் போடுகிறார்கள் என்பதை ஒரு சிறு பத்திரிகை நடத்தும் நாமே அறிவோம். மனம் ஒட்டாத படிப்பில் மூன்று வருஷத்தைக் கழித்து, ஒரு காகிதத்தை வாங்கி, அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதைக் காட்டிலும், மனம் ஒட்டிய தொழிலில் அந்த மூன்று வருஷத்தைச் செலவிடுவது மேல் என்று அவன் எண்ணுகிறான். இந்த எண்ணத்தில் தவறில்லை. ஆனால் எண்ணம் மாத்திரம் போதுமா என்பதே கேள்வி.

எந்த வழக்கிலும் முன் தீர்ப்பு உண்டா என்று தேடுவது வக்கீல்களின் பழக்கம். தேடியபோது நமக்குக் கிடைத்தது அ. க. செட்டியாரின் வாழ்க்கை.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911ஆம் வருஷம் பிறந்தவர் அவர். வட்டித் தொழிலும் வியாபாரமும் செழித்த சமூகத்திலிருந்து வந்தவர். இளம் வயதில் பர்மாவுக்குச் சென்று இரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகைக்கு ஆசிரியராயிருந்தார். அந்த நாளில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கடல் கடந்து படிக்கப் போனால், பாரிஸ்டர் பட்டத்திற்கோ ஐ.சி.எஸ். பரீட்சைக்கோ போவதுதான் வழக்கம். அவர் தேடிப் போனது போட்டோப் பயிற்சியை. முதலில் ஜப்பான் சென்று டோக்கியோவில் போட்டோக் கலை பயின்றார். பிறகு அமெரிக்கா சென்று நியூயார்க்கில் உள்ள போட்டோப் பயிற்சிக் கழகத்தில் படித்துத் தேறினார்.

1937ஆம் வருஷம் அக்டோபர் 2ஆந் தேதி, மகாத்மாவின் பிறந்த நாளன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, காந்தியடிகளின் வாழ்க்கையைச் சினிமாப் படமாகத் தொகுக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு நிரம்பவில்லை. பின்னால் பெருஞ் செல்வாக்கோ ஸ்தாபனமோ இல்லை. ஆயினும் இந்தியாவிலும், தென்னாப்பிரிக்காவிலும், ஐரோப்பாவிலும் அலைந்து, பல காமிராக்காரர்கள் பல வருஷங்களில் எடுத்துவைத்திருந்த படச் சுருள்களைத் தேடிப் பிடித்தார். தாமும் எடுத்துச் சேர்த்தார். சுமார் 50,000 அடி சேர்ந்தது. அதிலிருந்து சுமார் 12,000 அடியைத் தெரிந்தெடுத்துத் தொகுத்தார். தமிழ் விளக்கத்துடன் அந்தப் படம் 1940 ஆகஸ்டு 23ஆந் தேதி சென்னையில் வெளியாயிற்று. யுத்த காலம், வெள்ளையர் ஆட்சி. அந்த நிலையில் காந்தியைப் பற்றிய படத்தைக் காட்டுவது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பதை அரசியல் தொண்டர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. பிறகு அதன் ஆங்கில வடிவம் 1953இல் அமெரிக்காவில் உருவாயிற்று. 1943 முதல் தமது ஆயுள் பரியந்தம், அதாவது 1983 வரை, 'குமரி மலர்' பத்திரிகையை நடத்தி, மறைந்துபோயிருக்கக்கூடிய எத்தனையோ பழைய எழுத்துக்களை அவர் காப்பாற்றித் தந்தார்.

இதைக் கேட்டவுடன் நம் பையன், "பார்த்தீர்களா, அவர் கல்லூரிப் பட்டத்தைத் தேடவில்லையே!" என்று குதிக்கக்கூடும். சற்றுப் பொறுக்கவேண்டும். செட்டியார் படிப்பை விட்டு ஓடியவர் அல்லர். படிப்பைத் தேடி இரண்டு சமுத்திரங்களைத் தாண்டியவர். காமிராவை வாங்கினால் தொழில் வந்துவிடும் என்று அவர் நினைக்கவில்லை. வெளிச்சத்தின் கணக்கையும், ரசாயனத்தையும், யந்திரத்தின் நுட்பத்தையும் ஆசிரியர்களிடம் அமர்ந்து கற்றார். அதைவிட முக்கியமானது, கற்ற தொழிலைக்கொண்டு என்ன செய்யவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. காந்தி என்ற பொருள் அவர் மனத்தில் விழுந்த பிறகு மூன்று வருஷம் வேறெதையும் அவர் நாடவில்லை. பட்டமில்லாதவர் என்பது அவர் பெருமையாகாது. ஒரு தொழிலை முறையாகக் கற்று, ஒரு பொருளுக்காக அதைச் செலவிட்டார் என்பதே அவர் பெருமை.

தொழிலும் கலாசாலையும் பகையல்ல என்பதற்கு நம் மாகாணத்திலேயே பழைய சான்று உண்டு. சென்னைக் கலைப் பள்ளி 1850ஆம் வருஷம் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற வைத்தியரால் ஸ்தாபிக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டுகளுக்குள்ளேயே அங்கே போட்டோக் கலை கற்பிக்கப்பட்டது. சென்னை சர்க்காரின் போட்டோக்காரராக 1857, 1858ஆம் வருஷங்களில் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் கோவில்களைப் படம்பிடித்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரிக்குத் துணைநின்றவர், அப்பள்ளியில் கற்ற சி. அய்யாசாமி என்ற நம்மவர். அப்பள்ளி இன்று சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியாக நடைபெறுகிறது. சினிமாக் காமிராப் பயிற்சி 1945இல் சென்னை மத்திய பாலிடெக்னிக்கில் தொடங்கி, இன்று தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. ஆகவே, 'படிப்பா, போட்டோவா' என்று கேட்பதே முழுச் சரியான கேள்வியன்று.

தேசத்தில் பேர்பெற்ற மற்றப் போட்டோக்காரர்களின் வரலாற்றையும் பார்ப்போம். மைசூர் டி. எஸ். சத்யன் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. முடித்துச் சிறிது காலம் உபாத்தியாயராயிருந்து, பின்னரே பத்திரிகைப் போட்டோத் தொழிலில் புகுந்தார். ரகு ராய் சிவில் எஞ்சினீயரிங் கற்றவர். 1984இல் போபால் விஷவாயுவில் மாண்ட குழந்தையின் முகத்தை உலகம் மறக்கவொட்டாமல் செய்தவர்களில் அவர் ஒருவர். பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் பயின்ற ஹோமாய் வியாரவாலா, சுதந்தரத்தின் முதற் காட்சிகளைப் படமெடுத்த பெண்மணி. 2011இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். இதற்கு மாறாக, கல்கத்தாவில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த சுனில் ஜானா, 1943ஆம் வருஷத்து வங்காளப் பஞ்சத்தைப் படமெடுக்கப் புறப்பட்டவர், படிப்பை அத்துடன் விட்டார். லட்சக்கணக்கானோர் பசியால் மடிந்துகொண்டிருந்தபோது பரீட்சை காத்திருக்கும், பஞ்சம் காத்திராது என்று அவர் கண்டார் போலும். படித்து முடித்துப் போனவரும், இடையில் விட்டுப் போனவரும் இந்தத் தொழிலில் உயர்ந்தே இருக்கிறார்கள். உயராதவர்களிலும் இரு வகையினரும் உண்டு. ஆகையால் பட்டம் உண்டா இல்லையா என்பது இவ்விஷயத்தைத் தீர்மானிக்கும் சங்கதியன்று. எதைக் காணப் போகிறோம், அதை எங்கே கற்கிறோம் என்பவையே தீர்மானிக்கின்றன.

காணவேண்டியது நம் கடற்கரையில் என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். 1908 மார்ச்சு மாதம் சிதம்பரம் பிள்ளை கைதானபோது தூத்துக்குடியும் திருநெல்வேலியும் கொதித்தெழுந்தன. 13ஆந் தேதி திருநெல்வேலியில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து நால்வர் மாண்டனர். அன்றைய தினத்தைப் பற்றி நமக்குப் பெரும்பாலும் எஞ்சியிருப்பவை போலீஸ் அறிக்கைகளும் கோர்ட்டுத் தீர்ப்புகளுமே. சுட்டவர் முகத்தையோ சுடப்பட்டவர் முகத்தையோ காட்டும் படம் ஒன்றையும் நாம் கண்டதில்லை. நூற்றுப்பத்து வருஷம் கழித்து, 2018 மே 22ஆந் தேதி, ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளன்று, இதே தூத்துக்குடியில் கலெக்டர் காரியாலயத்தை நோக்கிச் சென்ற ஜனங்கள்மீது போலீஸார் சுட்டார்கள். 13 பேர் உயிரிழந்தனர். சாதாரண உடையணிந்த ஒருவர் வேன்மீது ஏறித் துப்பாக்கியால் குறிபார்க்கும் காட்சியை அன்றே உலகமெல்லாம் கண்டது. அங்கே காமிராவுடன் நின்றவர்கள் இராவிட்டால், அருணா ஜெகதீசன் கமிஷன் விசாரித்த விஷயங்களில் எத்தனை வெறும் வாய்ச்சாட்சியாக நின்றிருக்கும்! இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அந்தப் படங்கள் உயிரைத் திருப்பித் தரவில்லை. நடந்ததை நடக்கவில்லை என்று எவரும் சாதிக்கமுடியாதபடி அவை செய்தன. யந்திரமே பொய்ப் படங்களை உண்டாக்கித் தள்ளும் இக்காலத்தில், நேரில் நின்று எடுத்த, பெயர் சொல்லி உத்தரவாதம் தரக்கூடிய மனிதனின் படத்திற்கு முன்னிலும் மதிப்பு அதிகமே ஒழியக் குறைவில்லை.

கலவரக் காட்சிகள் மட்டும்தானா? தூத்துக்குடி முத்துச் சலாபம் 1961ஆம் வருஷத்தோடு நின்றுபோயிற்று. இக்கரையில் முத்துக்குளித்த கடைசித் தலைமுறையினர் மறைந்துகொண்டிருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. நமக்கு அருகிலுள்ள வான் தீவு அரிப்பினால் சுருங்கியிருக்கிறது. பொறியியல் கற்ற மதுரை வாலிபர் எம். பழனி குமார், ராமநாதபுரம் கரையில் கடற்பாசி எடுக்க மூழ்கும் பெண்களின் வாழ்க்கையைக் கடலுக்குள்ளேயே சென்று படமெடுத்திருக்கிறார். தாம் பெற்ற பட்டத்தால் கிடைக்கக்கூடிய உத்தியோகத்தைவிட அந்தப் பெண்களின் முகம் முக்கியம் என்று அவருக்குத் தோன்றியது. 2022ஆம் வருஷம் அவருக்கு ஆவணப் போட்டோக் கலைக்கான தயானிதா சிங்–பாரி விருது கிடைத்தது. நம் உப்பளங்களையும் தோணித்துறையையும் இவ்வாறு தொடர்ந்து படமெடுக்க இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு உரிமை இல்லையா?

இந்த இடத்தில் நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளவேண்டும். பத்திரிகைகளாகிய நாமே இந்தத் தொழிலை மதித்ததில்லை. படத்தை வாங்குவோம், எடுத்தவர் பெயரைப் போட மறப்போம். கட்டுரை எழுதுபவருக்குத் தரும் சன்மானத்தில் பாதியையும் படக்காரருக்குத் தரமாட்டோம். நமது பத்திரிகையும் இதற்கு விலக்கன்று. சட்டமோ அவர் பக்கமே இருக்கிறது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர். 2012இல் செய்த திருத்தத்திற்குப் பின், அவர் ஆயுளுக்கு அப்பாலும் 60 வருஷம் வரை உரிமை நீடிக்கிறது. உரிமையைப் பிறருக்கு விற்றுவிட்டாலும், 'இது நான் எடுத்தது' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை போவதில்லை. ஆனால் ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன படத்திற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளராவார். இந்த ஒரு விதியை அறியாமல் எத்தனையோ வாலிபர்கள் தங்கள் உழைப்பை இழக்கிறார்கள். தொழிலுக்குப் போகும் பையன் காமிராவைக் கற்பதோடு இதையும் கற்கவேண்டும்.

இனி நமது அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறோம். பரீட்சைக்குப் பயந்து காமிராவைத் தேடும் பையனைக் கல்லூரிக்கே அனுப்புக. அவன் காமிராவுக்கும் பயப்படும் நாள் சீக்கிரம் வரும். ஆனால் பார்த்துப் பார்த்து எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு வரும் பையனிடம் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். ஒரு வருஷம் தொடர்ந்து எடுக்க உன்னிடம் பொருள் உண்டா? யாரிடம், எந்த இடத்தில் தொழில் கற்கப் போகிறாய்? பேர் வரும்வரை அரிசிக்கு என்ன வழி? மூன்றுக்கும் அவன் நேரான பதில் சொன்னால், கல்லூரிக்கு ஒதுக்கிய பணத்தையும் மூன்று வருஷத்தையும் அவனுடைய தொழிற்கல்விக்கே கொடுப்பது தகப்பனின் கடமை என்று கருதுகிறோம். அது தருமம் அன்று, படிப்புச் செலவே. விலையுயர்ந்த காமிரா முதல் வருஷத்தில் வேண்டாம். கைதேர்ந்த ஒருவரிடம் தொழில் பழகட்டும். கலியாண வீட்டில் விளக்குப் பிடிப்பதைக் கேவலமாக நினைக்கவேண்டாம். மூன்றாம் வருஷ முடிவில் கையில் ஒன்றுமில்லையானால் வாழ்வு முடிந்துவிடாது. வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெறுவதற்கென்று தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 முதல் இருக்கிறது.

முத்துக்குளிப்பவன் மூழ்கும்போது, படகில் கயிறு பிடிப்பவனாக மைத்துனனையே வைத்துக்கொள்வான் என்பது இக்கரையில் வழங்கும் பேச்சு. தன் சகோதரி தாலி இழக்க அவன் விடமாட்டான் அல்லவா? கீழே இருப்பவன் கயிற்றை அசைத்த கணமே மேலே இருப்பவன் இழுக்கவேண்டும். அதுவரை பயத்தினால் இழுத்துவிடவும் கூடாது. வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கவும் கூடாது. தகப்பனார் இப்போது செய்யவேண்டியது அந்த வேலைதான்.

இரண்டு நாள் கழித்து நண்பர் தனியாக வந்தார். மேற்கண்டவற்றைச் சொன்னோம். வெகுநேரம் மௌனமாக இருந்து, "அந்தப் படத்தில் என்னை அவன் எப்போது எடுத்தான் என்றே தெரியவில்லை, ஐயா. பதினெட்டு வருஷமாக அங்கே உட்கார்ந்திருக்கிறேன்; நான் எப்படி உட்கார்ந்திருக்கிறேன் என்று அவன் அல்லவா பார்த்திருக்கிறான்" என்றார். மூன்று கேள்விகளையும் பையனிடம் தாமே கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். பையனின் பதில் எதுவாயினும், உப்பளத்தில் அவன் எடுத்த படங்களில் இரண்டை அடுத்த ஞாயிற்றுக்கிழமை நமது பத்திரிகையில் வெளியிட அவனிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். கீழே அவன் பெயர் இருக்கும். உரிய சன்மானமும் கொடுக்கப்படும். மற்றவர்களுக்கு உபதேசம் செய்யுமுன் நாம் செய்யவேண்டியது அதுவே.